ஆட்டுக்கு நற்சான்று

முசுக்கொட்டை மரங்களில் தளிர் விரலளவு நீண்டுவிட்டால் வால்ப்ரூன் ஊருக்கே கொண்டாட்டம். தர்ம ஆஸ்பத்திரியின் தொட்டில் அறைக்கு மட்டும் அது கஷ்டகாலம். மலைக்கிராமத்துப் பெண்கள் பட்டுப்புழு முட்டைகளைச் சின்னத் துணிப்பையில் கட்டி, சட்டைக்குள் மார்புச் சூட்டில் வைத்துப் பொரிக்கத் தொடங்கிவிடுவார்கள். பொரித்த பிறகு ஆறு வாரத்துக்கு இலை பறிப்பதும் போடுவதுமே வேலை. அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக் குழந்தை ஒன்றை எடுத்துப்போய்ப் பால் கொடுத்து வளர்க்கிறேன் என்று ஒருத்தியும் மலையிறங்கி வரமாட்டாள். குழந்தைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? தெருவோரச் சுவரில் பதித்திருந்த சுழல்பெட்டியில் யாராவது பச்சைக்குழந்தையை வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே அனுப்பி, மணியை இழுத்துவிட்டு, முகம் காட்டாமல் போய்க்கொண்டே இருந்தார்கள்.

அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் பத்தொன்பது தொட்டில்கள் நிறைந்திருந்தன. உள்ளேயே தங்கிப் பால் கொடுத்தவர்கள் மூன்றே பேர். தொட்டில் அறையைப் பார்த்துக்கொண்டவள் ஒனொரின். முப்பத்தாறு வயது, நெட்டையான உடம்பு, வேகமான நடை. அவளும் அதே சுழல்பெட்டி வழியாக வந்தவள்தான். அவள் வந்தது ஒரு வியாழக்கிழமை என்பதால் அன்றைய செயலாளர் அவளுக்குக் குடும்பப்பெயராக 'வியாழன்' என்றே எழுதிவைத்துவிட்டார். ஐந்து வயதுவரை ஒரு பண்ணைவீட்டில் வளர்ந்தாள். அந்த வீட்டம்மா இறந்ததும் திரும்பி வந்தாள். பிறகு எங்கும் போகவில்லை. கன்னியாஸ்திரீகளோடு இருந்தாலும் அவள் கன்னியாஸ்திரீ இல்லை. சம்பளம் வாங்கினாலும் வேலைக்காரி என்று யாரும் சொன்னதில்லை. 'வீட்டுப் பெண்' என்றுதான் சொல்வார்கள்.

பால் கொடுத்த மூவரில் மூத்தவள் தெரசோன். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு குழந்தைகளை ஒரே நேரத்தில் அணைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பாள்.

"நெஞ்சுல புழுவுக்கு எடம் இருக்குதாம், புள்ளைக்கு இல்லயாம். இதுக பட்டுப்புழுவாப் பொறந்திருக்கணும்டி ஒனொரின். ராஜமரியாதையோட இருந்திருக்கும்."

மே மாதம் முதல் திங்கட்கிழமை, காலைப் பூசைக்கு மணி அடிக்கும் நேரத்தில், சுழல்பெட்டி மணியும் சேர்ந்து அடித்தது. ஒனொரின் போய்த் திறந்தாள். பிறந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காத பெண் குழந்தை. ஆணின் பழைய சட்டை ஒன்றில் சுற்றியிருந்தது. அதன் எடை ஒரு பெரிய ரொட்டி அளவுகூட இல்லை. செயலாளருக்கு அந்த வருஷம் புனிதர் பெயர்கள் எல்லாம் தீர்ந்துபோய், மலையில் முளைக்கும் வாசனைச் செடிகளின் பெயரை வைத்துக்கொண்டிருந்தார். முந்தின வாரம் வந்த பையன் ரோஸ்மேரி. இந்தக் குழந்தை சாரியெத். மலைச்சரிவில் படர்ந்து கிடக்கும் காரமான சின்னச் செடி அது. வழக்கப்படி, எண் பொறித்த ஈய முத்திரையை நூலில் கோத்து அதன் கழுத்தில் கட்டினார்கள். முத்திரையே குழந்தைக்குப் பாரமாகத் தெரிந்தது.

தெரசோனிடம் ஏற்கெனவே நான்கு குழந்தைகள் முறைபோட்டுக் குடித்துக்கொண்டிருந்தன. ஐந்தாவதுக்கு எதுவும் மிச்சமில்லை. ஒனொரின் ரொட்டியைத் தண்ணீரில் வேகவைத்துக் கூழாக்கி ஊட்டினாள், குழந்தை துப்பியது. துணியை ஆட்டுப்பாலில் நனைத்து வாயில் வைத்தாள். இரண்டு முறை சப்பிவிட்டு அசதியில் தூங்கிப்போனது. மூன்று நாட்களில் அதன் அழுகை பூனைக்குட்டியின் சத்தம் போலாகிவிட்டது. இப்படி மெலிந்துபோகிற குழந்தைகளை ஒனொரின் பதினெட்டு வருஷமாகப் பார்த்துவருகிறாள். அடுத்து என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் அதன் முகத்தை அதிகம் பார்க்காமலிருக்க முயன்றாள். அது அவளால் முடியவில்லை.

ஊரில் பால் விற்றவன் சிஃப்ரேன். கோம்பரூஸ் என்ற மலைக்கிராமத்துக்காரன், நாற்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. தினமும் காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலிலேயே கறந்து கொடுப்பான். வியாழக்கிழமை காலை, கன்னியாஸ்திரீகள் எல்லோரும் பூசையில் இருந்தார்கள். சிஃப்ரேன் சமையலறை வாசலில் குனிந்து கறந்துகொண்டிருந்தான். ஒனொரின் செம்பு எடுத்துவர உள்ளே போயிருந்தாள். அந்த இடைவெளியில் கருப்பு ஆடு ஒன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்து, சலவை அறையைத் தாண்டி, பளபளவென்று மெழுகியிருந்த நடைவழியில் டக் டக்கென்று நடந்து, அழுகைச் சத்தம் வந்த திசையில் போய்விட்டது. ஒரு கொம்பு வளைந்த ஆடு. பெயர் மூரெத்.

செம்போடு திரும்பிய ஒனொரின் தொட்டில் அறைக் கதவருகே நின்றுவிட்டாள். ஆடு ஒவ்வொரு தொட்டிலாக முகர்ந்துகொண்டு வந்தது. சந்தையில் பழம் பொறுக்குகிற பெண் மாதிரி, இது இல்லை, இது இல்லை என்று தாண்டி, ஜன்னலோரத் தொட்டிலில் நின்றது. போர்வையை மூக்கால் தள்ளியது. முன்னங்கால்களைத் தொட்டிலின் அந்தப் பக்கம் தூக்கிப் போட்டு, அப்படியே குழந்தைக்கு மேலாக நின்றது.

ஓடிப்போய் விரட்டத்தான் ஒனொரின் வந்தாள். ஆனால் பாலால் கனத்த மடி குழந்தையின் முகத்துக்கு நேரே தொங்கியதைப் பார்த்ததும் அவள் கை வேறு வேலை செய்தது. சாரியெத்தின் தலையைத் தாங்கிப் பிடித்துக் காம்பை வாயில் வைத்தாள். குழந்தை ஒருமுறை மூச்சை இழுத்தது. பிறகு குடித்தது. மூன்று நாள் பசியையும் ஒரே தடவையில் தீர்த்துக்கொள்வதுபோல், காது அசைய அசையக் குடித்தது.

தெரசோன் கட்டிலில் உட்கார்ந்தபடி சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, தனக்கு ஒரு துணை கிடைத்தது நல்லதுதான், கொஞ்சம் தாடி இருந்தால் என்ன என்றாள்.

ஆட்டைத் தேடி சிஃப்ரேன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்து வந்தான்.

"மன்னிச்சுக்கங்கம்மா. கதவு தொறந்து கெடந்துச்சு, உள்ள பூந்திடுச்சு," என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். "ஈஸ்டருக்கு இதோட குட்டிய வித்துட்டேன். அன்னையிலேருந்து எங்கிட்ட மொகம் கொடுத்துப் பேசறதில்ல."

"இப்பப் பேசுதா?" என்று ஒனொரின் நிமிராமலே கேட்டாள்.

"எங்கிட்ட இல்ல. ஒங்க புள்ளகிட்டப் பேசுது."

உண்மைதான். ஆடு தொண்டைக்குள்ளேயே மெதுவாக ஏதோ முனகிக்கொண்டிருந்தது. குட்டியிடம் மட்டும் பேசும் பேச்சு அது.

மறுநாள் காலை பூசை மணி அடித்தபோது ஒனொரின் சமையலறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். சிஃப்ரேன் மூரெத்தின் கழுத்து மணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மாலை ஜெபநேரத்திலும் வந்தார்கள். தெரசோன் ஜன்னலில் காவல். கன்னியாஸ்திரீ யாராவது வந்தால் அவள் பெரிதாகத் தும்ம வேண்டும் என்று ஏற்பாடு. நடைவழியில் விழும் புழுக்கைகளை ஒனொரின் இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியில் அள்ளிக்கொண்டு போய்த் தோட்டத்தில் கொட்டுவாள். நடைவழிக்குப் பொறுப்பான சிஸ்டர், இந்த வருஷம் எலிகள் மிகப் பெரிதாக இருப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் மாட்டிக்கொண்டார்கள். இல்லத்தலைவி மதர் பெர்பெத்துவுக்குக் கால் வீக்கம் அதிகமாகிப் பூசைக்குப் போகவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு தொட்டில் அறைக்கு வந்துவிட்டார். தெரசோன் பால் கொடுத்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தாள். எனவே தும்மல் வரவில்லை.

"ஒனொரின், இது என்ன?"

"ஆடு, மதர்."

"அது தெரியுது. எனக்குக் கால்தான் வீங்கியிருக்கு, கண்ணு நல்லாத்தான் இருக்கு."

ஒனொரின் குழந்தையின் தலையைத் தாங்கிய கையை எடுக்கவில்லை. சிஃப்ரேன், குற்றம் தன்னுடையதுதான் என்பதுபோல், தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான். மதர் மெல்ல நடந்துவந்து தொட்டிலுக்குள் குனிந்தார். சாரியெத் மடியைவிட்டு வாயை எடுத்து, உதட்டோரத்தில் பால் நுரையோடு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீண்டும் வேலையில் இறங்கியது. எலும்பில் ஒட்டிக் கிடந்த கன்னம் உப்பியிருந்தது. மதர் அந்தக் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டார். ஒனொரின் சொன்னாள். மதர் மற்றத் தொட்டில்களையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதில் இரண்டு குழந்தைகளுக்குக் குருவானவரைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று முந்தின நாள்தான் பேசியிருந்தார்கள்.

"இந்த ஆளுகிட்ட இன்னும் எத்தன ஆடு இருக்குன்னு கேளு," என்றார்.

மறுவாரம் மூரெத்தோடு சேர்த்து ஏழு ஆடுகள் வந்தன. சிஃப்ரேன் கூட்டத்திலேயே சாதுவானவற்றைப் பொறுக்கிக் கொண்டுவந்திருந்தான். விறகுக்கொட்டகையில் ஆடுகளுக்கு வைக்கோல் பரப்பினார்கள். அதன் ஒரு மூலையில் சிஃப்ரேனுக்கும் பரப்பினார்கள். முதல் மூன்று நாள் பெரும் ரகளை. ஓர் ஆடு இரண்டு டஜன் துணிகளைக் கொடியிலிருந்து இழுத்துத் தின்றது. இன்னொன்று மாதா சுரூபத்துக்குச் சூட்டிய லில்லிப் பூக்களை விட்டுவைக்கவில்லை. அதன்பிறகு ஆடுகள் தங்கள் குழந்தைகளைத் தெரிந்துகொண்டன. மணி அடித்ததும் வரிசையாக நடைவழியில் வந்து, அறைக்குள் நுழைந்ததும் பிரிந்து, ஒவ்வொன்றும் கத்திக்கொண்டே தன் தொட்டிலுக்குப் போகும். தொட்டிலை இடம் மாற்றி வைத்தாலும் தேடிக் கண்டுபிடிக்கும். குழந்தைகளும் குளம்புச் சத்தம் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டுக் கால்களை உதைக்க ஆரம்பித்தன.

எல்லாக் குழந்தைகளும் பிழைத்துவிட்டன என்று சொன்னால் பொய். ஆடுகள் வருமுன்னே மிகவும் தளர்ந்திருந்த ஒன்று போய்விட்டது. ஜூன் வெயிலில் இன்னும் இரண்டு போயின. அந்த ஒவ்வொன்றுக்கும் ஒனொரின் தன் கையால் துணி சுற்றினாள். ஆனால் மற்ற வருஷங்களில் இந்தக் காலத்தில் துணி சுற்றுவதே அவளுடைய முழுநேர வேலையாக இருக்கும். இப்போது நீட்டிக்கொண்டே போகும் கைகால்களுக்குச் சட்டை தைக்க நேரம் போதவில்லை.

சிஃப்ரேன் ஆரம்பத்தில் குழந்தைகளைத் தொடப் பயந்தான். ஆட்டைப் பிடித்துக்கொள்வான், குழந்தையை ஒனொரின்தான் பிடிக்க வேண்டும். ஒருநாள் இரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் வாந்தி எடுக்க, அவள் சாரியெத்தை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது அவன் மூச்சைக்கூட விடாமல், முட்டைக்கூடையைத் தாங்கியவன்போல் நின்றுகொண்டிருந்தான். குழந்தை அவன் மீசையைப் பிடித்திருந்தது. கண்ணில் நீர் வந்துகொண்டிருந்தது, வலியால் என்று சொன்னான். அன்றிலிருந்து சாரியெத்தின் ஏப்பம் எடுத்துவிடும் வேலை அவனுடையது.

ஜூலை பத்தாம் தேதி மாவட்டத் தலைநகரிலிருந்து ஆய்வாளர் வந்தார். முசே வெர்தியே. ஒல்லியான மனிதர், புழுதி படிந்த கருப்புக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. முன்னறிவிப்பு இல்லை. மதரின் அறையில், சுவரில் தொங்கிய லூயி பிலிப் ராஜாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, பால்கொடுக்கும் பெண்களின் பதிவேட்டைத் திறந்தார். மதர் பொய் எழுதத் தெரியாதவர். எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதியிருந்தார். ஒனொரினைப் பக்கத்தில் நிறுத்திவைத்து ஆய்வாளர் ஒவ்வொரு வரியாகக் கேட்டார்.

"நாலாம் எண். மூரெத். குடும்பப்பெயர் எழுதல."

"கெடையாதுங்க," என்றாள் ஒனொரின்.

ஆய்வாளர் தலையாட்டினார். அநாதைப் பெண்போல என்று நினைத்துக்கொண்டார். அடுத்த கட்டத்தைப் பார்த்தார். "வயசு நாலுன்னு போட்டிருக்கு. முப்பத்திநாலா, இருபத்திநாலா?"

"நாலுதாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் ஏதோ சொல்லப்போகும்போது நான்கு மணிக்கான மணி அடித்தது. நடைவழியில் குளம்புச் சத்தம் எழுந்தது. முசே வெர்தியே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மூரெத் முன்னால் வர, ஏழு ஆடுகளும் அவரை உரசிக்கொண்டு தொட்டில் அறைக்குள் போயின. அவர் பின்னாலேயே போய், ஏழும் ஏழு தொட்டிலில் ஏறி நின்றதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

கொடுமைக்காரர் இல்லை அவர். ஆனால் இருபது வருஷமாகச் சட்டப்புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவர். ஆஸ்பத்திரிக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் எவளானாலும் அவளுடைய ஊர் மேயர் கையெழுத்திட்ட நன்னடத்தைச் சான்று வேண்டும்; அது இல்லாமல் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது என்றார். எட்டு நாளில் திரும்பி வருவேன், அதற்குள் சான்றுள்ளவர்கள் கிடைக்காவிட்டால் இந்த ஏழு குழந்தைகளையும் வண்டியில் ஏற்றி அடுத்த மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்.

ஜூலை வெயிலில் இரண்டு நாள் வண்டிப் பயணம். ஒனொரினுக்குக் குழந்தைகளை அப்படி அனுப்பிய அனுபவம் உண்டு. எத்தனை போய்ச் சேரும் என்பதும் தெரியும். அவள் வழக்கமாகப் பெரியவர்கள் முன்னால் வாயைத் திறக்கமாட்டாள். அன்று திறந்தாள்.

"சான்று கொண்டு வந்தா, அதுக இருக்கலாமாங்க?"

ஆய்வாளர் பையை மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு எரிச்சல். "கொண்டு வாம்மா, பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் கிண்டலாகச் சொன்னார் என்று எல்லோருக்கும் புரிந்தது. ஒனொரினுக்கும் புரிந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதானே என்று மதரிடம் விடைபெற்று, மறுநாள் விடியற்காலை சிஃப்ரேனோடு கோம்பரூசுக்கு மலையேறினாள்.

கோம்பரூஸ் மேயர் பம்ஃபீல் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர். பருத்த மனிதர், முத்திரை குத்துவதென்றால் முதலில் கைகழுவிக்கொள்வார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கண்டு கோபப்பட்டார். ராஜாங்க முத்திரையை ஆட்டுக்குக் குத்த முடியாது என்றார். செக்கு வாசலிலேயே வாக்குவாதம் நடந்ததால் எதிரே நீரூற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஈரக்கையோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். பட்டுக்கூடு அறுவடை முடிந்து அவர்களுக்கு இப்போது பேச்சுக்கு நேரம் இருந்தது. ஒனொரின் அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். யாரையும் குறை சொல்லவில்லை. பத்தொன்பது தொட்டில், மூன்று பெண்கள், மூரெத் வந்த காலை, அவ்வளவுதான் சொன்னாள். ஒன்றிரண்டு பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

கடைசியில் செக்குக்காரரின் மனைவியே பேசினாள். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"போன வருஷம் அந்தக் குடிகாரி பாபெத்துக்கு நல்லவன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கல்ல? அவளவிட இந்த ஆடு எதுல கொறஞ்சு போச்சு? ஒருநாளாவது சாராயக்கடை வாசல்ல விழுந்து கெடந்திருக்கா?"

சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. பம்ஃபீல் முகம் சிவந்து உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். அச்சடித்த படிவத்தில் இருந்த எல்லாக் கேள்விக்கும் பதில் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எழுத ஆரம்பித்த பிறகு அவருக்கே அது பிடித்துப்போயிற்று. மூரெத், வயது நான்கு, இரண்டு முறை ஈன்றவள், பால் வளம் சிறப்பு, குணம் பொறுமை. திருமணமானவளா என்ற கேள்விக்குப் பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு, 'ஊர்ப் பொதுக்கிடாவோடு எல்லோரும் அறிந்த உறவு. இதுபற்றி அவதூறு எதுவும் இல்லை' என்று எழுதினார். குருவானவரும் கையெழுத்திட வேண்டியிருந்தது. அவர் ஏழு படிவத்திலும் ஒரே வரியை எழுதினார்: 'ஞாயிறு பூசைக்கு வருவதில்லை. ஆனால் அதற்குத் தகுந்த காரணம் உண்டு.'

எட்டாம் நாள் முசே வெர்தியே வந்தார். ஏழு காகிதங்களையும் மதர் அவர் முன் அடுக்கினார். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது காகிதத்தில் மீசை லேசாக ஆடியது. ஐந்தாவதில் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் பேனாவைத் தொடவில்லை. அப்போது மதர் இன்னொரு பதிவேட்டையும் கொண்டுவந்து அவர் முன் திறந்து வைத்தார். அடக்கம் செய்யப்பட்டவர்களின் பதிவேடு அது. போன வருஷம் மே முதல் ஜூலை பாதிவரை பதினான்கு பெயர். இந்த வருஷம் அதே நாட்களில் மூன்று.

ஆய்வாளர் அந்த இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விரலால் எண்ணினார். திரும்ப எண்ணினார். ஒனொரின் தோளில் சாரியெத் இருந்தது. அதைத் தேடிக்கொண்டு வந்த மூரெத் மேசையருகே நின்று, யாரும் கவனிக்காத நேரத்தில் ஆய்வாளரின் அறிக்கையில் ஒரு மூலையைக் கடித்து மெல்லத் தொடங்கியிருந்தது.

"சட்டத்துல," என்று கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார், "பால் கொடுக்கிறவளுக்கு ரெண்டு கால்தான் இருக்கணும்னு எங்கயும் எழுதல."

கையெழுத்திட்டார். மிஞ்சியிருந்த அறிக்கையின் அடியில், 'ஏழு பேரும் நலம். நாலாம் எண்ணுக்குத் தீனி இன்னும் கொஞ்சம் கூட்டித் தரவும்' என்று எழுதினார். வாசலில் வண்டியேறும்வரை அவர் முகம் அசையவில்லை. ஆற்றுப்பாலம் தாண்டும்வரை ஐயா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே வந்தார் என்று வண்டிக்காரன் பிறகு சொன்னான்.

அன்று மாலை மதர் எல்லோருக்கும் ஒயின் ஊற்றச் சொன்னார். சாப்பாட்டில் பூண்டு அரைத்த குழம்பும் உப்புமீனும். தெரசோன் ஆடுகளுக்கும் ஆளுக்கொரு ரொட்டித்துண்டு கொண்டுபோய்க் கொடுத்து, எல்லோரும் சான்றிதழ் வாங்கியாச்சு, இனிமேல் எனக்குத்தான் மரியாதை குறைச்சல் என்று புலம்பினாள்.

மறுவாரம் கோம்பரூஸ் பெண்கள் ஒன்பது பேர் கூட்டமாக மலையிறங்கி வந்தார்கள். ஆடுகள் பால் கொடுப்பதை வேடிக்கை பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னார்கள். பார்த்தார்கள். முதலில் செக்குக்காரர் மனைவி ஒரு குழந்தையைத் தூக்கினாள். அப்புறம் ஒருத்தி, அப்புறம் ஒருத்தி. குழந்தையை எடுத்தவர்களுக்கு அதன் ஆட்டையும் சேர்த்தே அனுப்பினான் சிஃப்ரேன். குழந்தை இடுப்பில், ஆடு பின்னால் என்று மலைப்பாதையில் அவர்கள் ஏறிப்போனதை ஒனொரின் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். இத்தனை குழந்தைகளை இவ்வளவு நிம்மதியாக அவள் அனுப்பியதில்லை.

மற்ற ஆடுகளும் அவற்றின் குழந்தைகளும் போனபின்பு, அந்த ஏழு ஜோடியில் மூரெத்தும் சாரியெத்தும் மட்டும் மிஞ்சினார்கள். சாரியெத்தைக் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் ஒனொரின் ஏதாவது காரணம் சொன்னாள். சளி என்றாள், பல் முளைக்கிறது என்றாள். நான்கு மாதத்தில் பல்லா என்று ஒருத்தி கேட்டபோது, இது கொஞ்சம் அவசரக்காரி என்றாள். ஒரே ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் எதற்கு என்று மதர் கேட்கவில்லை. சிஃப்ரேன் தானாகவே கூரை ஓடு மாற்றினான், கிணற்றுச் சகடையைச் சரிசெய்தான், தொட்டில்களுக்கு வண்ணம் பூசினான். அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் முற்பகல். ஒனொரின் தோட்டத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கூடையில் உட்காரவைத்திருந்த சாரியெத் மூரெத்தின் காதை இழுத்துக்கொண்டிருந்தது. சிஃப்ரேன் வந்து கொடியின் மறுபக்கம் நின்றான். ஈரத்துணிக்குப் பின்னால் அவன் முகம் தெரியவில்லை. செருப்பு மட்டும் தெரிந்தது. குளிருக்கு முன் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றான். சரி என்றாள். அவன் நகரவில்லை.

"மூரெத் இந்தப் புள்ளய விட்டுட்டு வராது," என்றான். "புள்ள ஒங்கள விட்டுட்டு வராது. நானும் எப்படிக் கூட்டிப் பாத்தாலும், மூணு பேரையும் சேத்துக் கூட்டிட்டுப் போனாத்தான் முடியும்போல."

ஒனொரின் கையிலிருந்த துணியை உதறினாள். அது ஏற்கெனவே உதறிய துணி. அவளை யாரும் இதுவரை எதற்கும் கேட்டதில்லை. வேலைக்குக்கூட யாரும் கேட்டதில்லை, இருந்தாள், செய்தாள்.

"ஆட்டுக்காகவா என்னயக் கட்டிக்கப்போறீங்க?"

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன்," என்றான் அவன். "அப்புறம் யோசிச்சா, மே மாசத்துலேருந்து நான் ஆட்டப் பாக்கவே இல்ல."

அவள் துணியை விலக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். ஆரம்பத்தில் குழந்தையைத் தாங்கிக்கொண்டு நின்றபோது இருந்த அதே பயம் அதில் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அவ்வளவு நேரம் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தெரசோன், போதும் போதும், துணி காயட்டும் என்று கத்தினாள்.

மதர் பெர்பெத்து அனுமதி கொடுக்க ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. ஆனால் கொடுத்துவிட்டு, கால் வலி என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் தன் பெட்டியிலிருந்து வெள்ளைச் சரிகைத் தலைத்துணி ஒன்றை எடுத்துவந்து ஒனொரின் தலையில் வைத்து அளவு பார்த்தார். அது எங்கிருந்து வந்தது, யாருக்காகத் தைத்தது என்று அவரும் சொல்லவில்லை, ஒனொரினும் கேட்கவில்லை. திராட்சை அறுவடை முடிந்த மறுவாரம் ஆஸ்பத்திரிக் கோவிலிலேயே கல்யாணம். தெரசோன் இரண்டு பக்கமும் குழந்தைகளோடு மணப்பெண்ணுக்குத் தோழியாக நின்றாள். சாரியெத்தை வளர்ப்புக்குக் கொடுக்கும் பத்திரத்தில் அன்றே கையெழுத்து ஆயிற்று.

கோம்பரூசில் அவர்களுக்கு இரண்டு அறை வீடு. கீழே ஆடுகள், மேலே இவர்கள். குளிர்காலம் முழுக்கச் சாரியெத் கூழும் பாலாடைக்கட்டியும் தின்று உருண்டு திரண்டாள். மூரெத்துக்குப் பால் வற்றிவிட்டது. ஆனாலும் தினமும் காலையில் படியேறி வந்து அவளை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மேயப்போகும். அடுத்த மார்ச்சில் அது இரட்டைக் குட்டி போட்டது. சிஃப்ரேன் அந்த ஈஸ்டருக்கு இரண்டையும் விற்கவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் ஒனொரின் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூரெத் பத்தடி தள்ளி வேலியோரம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவில் புல்லில் உட்கார்ந்திருந்த சாரியெத் கையைத் தூக்கி, முகமெல்லாம் சிவக்க, முதன்முதலாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"ம்மே."

ஒனொரினும் திரும்பினாள், ஆடும் திரும்பியது. கீரை நாலாபக்கமும் சிதற ஒனொரின் ஓடிவந்து குழந்தையை வாரி எடுத்தாள். என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள் என்று கோம்பரூஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆடுதான் பக்கத்தில் இருந்தது என்று சிஃப்ரேன் ஒருநாள் சொல்லிப் பார்த்தான். அன்று அவனுக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.